இருபத்தெட்டு வயதுப் புதுமுகம்

ஜேம்ஸ் பொட்ஸியாட்லி என்ற பெயரைத் தமிழில் எழுதுவதே ஒரு தேகப் பயிற்சி. மனிதரும் தேகப் பயிற்சி உத்தியோகத்தில் இருந்தவர்தான். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊர்க் கால்பந்துக் கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடம்பைத் தயார் செய்து வைப்பது அவர் வேலை. அதற்கு முன்பு இரண்டு பெரிய கிளப்புகள் அவரை உதிரி ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டு, பெரிய ஆட்டம் ஒன்றுகூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டன. 2009-ஆம் வருஷக் கடைசியில் ஜீலாங் தன் சிப்பந்தியையே ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டது. 2010-ல் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 28. அந்த விளையாட்டில் அது பலர் முழங்காலைத் தடவிக்கொண்டு ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது. அடுத்த வருஷமே சாம்பியன் பட்டம் வென்ற அணியில் அவரும் இருந்தார். இறுதி ஆட்டத்தின் நடுவில் தோள்பட்டை நழுவி வெளியே போக நேர்ந்தது வாஸ்தவம். ஆனாலும் பதக்கம் பதக்கந்தான்.

இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், எதிராளியின் தோள்மேல் ஏறிப் பந்தைப் பிடித்தால் ஜனங்கள் கைதட்டுவார்கள். மெல்போர்னில் மகள் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் ஆட்டத்தின் விதிகள் எனக்குப் பாதிதான் பிடிபட்டன. ஆனால் ஆள் சேர்க்கும் விதிகள் என்னைப் பிடித்துக்கொண்டன. கதை எழுதுகிறவனுக்கு அங்கேதான் தீனி அதிகம்.

ஒரு காலத்தில் பணமுள்ள கிளப்பின் ஆள் நாட்டுப்புறத்துக்குப் போவான். நல்ல பையன் தென்பட்டால் அப்பா அம்மாவிடம் பேசிக் கையோடு அழைத்து வந்துவிடுவான். பிறகு ஜில்லாக்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வளமான ஜில்லா கிடைத்த கிளப் வருஷக்கணக்கில் அறுவடை செய்தது. 1986-ல்தான் டிராஃப்ட் என்ற ஏற்பாடு வந்தது. பட்டியலில் கடைசியில் நிற்கும் அணி, தேசத்திலுள்ள பையன்களில் ஒருவனை முதலில் பொறுக்கிக்கொள்ளும். சாம்பியன் கடைசியில் பொறுக்கும். பெரும்பாலோர் பதினெட்டு வயதுப் பையன்கள். எந்தக் கிளப் பெயர் சொல்லி அழைக்கிறதோ அந்த ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

"இதைவிட நியாயம் எங்கே உண்டு, மாமா? கடைசியில் நிற்கிறவனுக்கு முதல் பந்தி!" என்றார் என் மாப்பிள்ளை.

"பந்தியில் உட்காருகிறவர்கள் கிளப்புகள். பையன் இலையில் அல்லவா இருக்கிறான்?" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் பந்திக்கு ஆசைப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மெல்போர்ன் கிளப்பின் கதை இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஜெயிக்காத அணிக்கு, முதல் சுற்றுக்கு முன்பே உபரியாக ஓர் ஆளைக் கொடுப்பது என்று அப்போது ஒரு விதி. 2008-ல் மூன்று வெற்றி, 2009-ல் நான்கு வெற்றி என்று அந்தக் கிளப் கோட்டைத் தாண்டாமல் நின்றது. முதல் இரண்டு பையன்களும் அதற்கே கிடைத்தார்கள். ஊர் சும்மா இருக்குமா? நீண்ட விசாரணைக்குப் பிறகு 2013-ல் தீர்ப்பு வந்தது: கிளப் வேண்டுமென்று தோற்கத் திட்டமிடவில்லை, ஆனால் ஐந்து லட்சம் டாலர் அபராதம்! பயிற்சியாளருக்கும் ஓர் அதிகாரிக்கும் தடையும் விதித்தார்கள். இந்தத் தீர்ப்பை எழுதியவர் நாவல் எழுத வந்திருந்தால் என் போன்றவர்கள் கடையைக் கட்டியிருப்போம். முதலாவதாக எடுத்த பையன் டாம் ஸ்கல்லியோ, இரண்டு வருஷம் ஆடிவிட்டு, சிட்னியில் புதிதாகத் தொடங்கிய கிளப்புக்குப் போய்விட்டான்.

அப்பா ஆடிய கிளப்பில் பிள்ளைக்கு முன்னுரிமை என்றும் ஒரு விதி உண்டு. நம்மூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. தொடக்கம் என்னவோ உருக்கமானது. டோப்ருக் போரில் 1941-ல் மடிந்த ரான் பராஸி என்ற ஆட்டக்காரரின் மகன், அதே பெயருடையவன், 1953-ல் அப்பாவின் மெல்போர்ன் அணிக்கே ஆடவந்தான். இப்போது அந்த விதியின் பலன் வேறு. 2022-ல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்ற பிரிஸ்பேனுக்கு, அப்பாவின் புண்ணியத்தில் வில் ஆஷ்கிராஃப்ட் கிடைத்தான். 2024, 2025 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சிறந்த ஆட்டக்காரன் பதக்கம் அவனுக்குத்தான்.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்கிறவர்கள், முதிர்ந்த ஆட்டக்காரர்களை எடுத்தால் மட்டும் ஆட்சேபிக்கிறார்கள். ஏழை அணி பையனை நட்டு நீர் ஊற்றி ஐந்து வருஷம் காத்திருக்க, பணக்கார அணி காய்த்த மரத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறதாம். இதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மரம் அத்தனை வருஷமும் பொதுவழியில்தானே நின்றது? எல்லாக் கிளப்பும் அதன் நிழலில் நடந்து போனவைதானே?

மார்லியன் பிக்கெட் என்பவரைப் பாருங்கள். இளமையில் சிறை கண்டவர். நான்கு குழந்தைகளின் தகப்பனார். பெர்த் பக்கத்தில் சௌத் ஃபிரீமாண்டில் என்ற சிறிய கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவர். 2019-ல் பருவத்தின் நடுவில் ஆள் எடுக்கும் வழக்கத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, ரிச்மண்ட் கிளப் அவரை அழைத்தது. வயது 27. அவருக்கு முன் பன்னிரண்டு பெயர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பெரிய அணிக்கு ஆடிய முதல் ஆட்டம் எது தெரியுமா? அந்த வருஷத்து இறுதி ஆட்டம்! ஒரு லட்சம் ஜனங்களுக்கு முன்னால் முதல்முதலாக இறங்கி, ஒரு கோலும் போட்டு, 89 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த அணியோடு திரும்பினார். 1952-க்குப் பிறகு இறுதி ஆட்டத்தில் அறிமுகமானவர் வேறு எவரும் இல்லை. இதை நான் கதையாக எழுதி அனுப்பினால், பத்திரிகாசிரியர் "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

சௌத் ஃபிரீமாண்டில்காரர்களுக்கு வருத்தம் இருந்திருந்தால் அது நியாயம். பந்தயம் பாதியில் இருக்கும்போது அவர்களுடைய நல்ல ஆளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் பெரிய கிளப்புகளின் புகாரில் எனக்கு இரக்கம் இல்லை.

என் இரக்கமெல்லாம் டிம் கெல்லி போன்றவர்களிடம். பல வருஷம் பெயர் கொடுத்தும் ஒருவரும் அழைக்காமல், 23 வயதில், 2017-ல், இருபத்துநான்காவது பெயராக ஜீலாங் அவரை அழைத்தது. கெல்லிக்கு வீடு பெர்த். அந்த ஊரிலேயே இரண்டு பெரிய கிளப்புகள் உண்டு. அழைத்ததோ ஏறக்குறைய 2,700 கிலோமீட்டருக்கு அப்பால். பதினெட்டு வயதுப் பையன் ஒரு பெட்டியோடு விமானம் ஏறிவிடலாம். பெண்சாதி, குழந்தைகளோடு இருப்பவன் அப்படி ஏற முடியுமா? விதிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், 22 வயது தாண்டியும் எந்தக் கிளப்பும் சீந்தாத ஆளுக்கு, தன் கிளப்பைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்துவிடலாம். எல்லோரும் சாம்பியனிடம் ஓடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். கிளப் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்குத்தான் உச்சவரம்பு இருக்கிறதே. ஒரே கிளப்பில் எட்டு வருஷம் உழைத்தவர் சில நிபந்தனைகளோடு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்று 2012 முதல் ஒரு சலுகை இருப்பது வாஸ்தவமே. பதினெட்டில் சேர்ந்தவனுக்கு அது 26 வயதில் கைக்கு வரும். 27-ல் சேர்ந்த பிக்கெட்டுக்கு 35-ல். அந்த வயதிலும் ஓடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கெல்லி அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. முதல் வருஷம் முடிந்ததும், ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டார், பேரம் படியவில்லை. இன்னும் ஒரு வருஷம் ஆடினார், பிரமாதமாகவே ஆடினார். 2019 அக்டோபரில்தான் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் கிளப் அவரை வாங்கிக்கொண்டது. அவருக்கு ஈடாக ஜீலாங்குக்குக் கிடைத்தவை சில டிராஃப்ட் எண்கள். அந்த எண்களுக்கு எந்தப் பையன்கள் வருவார்கள் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது.