நூற்றுக்குப் பத்து

சிறிய அரசியல் கட்சிகளைப் பற்றிய விவாதங்களில், பெரிய கட்சிகளைப் பற்றிய விவாதங்களில் காணாத ஓர் உக்கிரம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. ஆட்சி செய்த கட்சியைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அணை, பள்ளிக்கூடம், விலைவாசி, ஊழல் என்று சுட்டிக்காட்ட எவ்வளவோ விஷயங்கள் உண்டு. ஆட்சிப் பீடத்தையே காணாத கட்சிக்கோ, வாங்கிய வாக்கைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது. ஆகவே அதன் அபிமானிகளும் விரோதிகளும் ஆளுக்கொரு சதவீதத்தைப் பற்றிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். அந்தச் சதவீதம் எந்த வருஷத்தியது என்று கேட்பாரில்லை.

தே.மு.தி.க.வைப் பற்றிப் பேச்செடுத்தால் இது பிரத்தியட்சமாக விளங்கும். 2005 செப்டம்பரில் மதுரையில் நடிகர் விஜயகாந்த் தொடங்கிய அக்கட்சி, மறு வருஷமே எவருடைய கூட்டும் இன்றி 232 தொகுதிகளில் நின்று, விருத்தாசலம் ஒன்றில் மட்டும் ஜயித்து, மாநிலம் முழுவதிலுமாக நூற்றுக்கு எட்டுக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றது. 2009 மக்களவைத் தேர்தலிலும் தனித்தே நின்றது. ஓர் இடமும் கிடைக்கவில்லை. வாக்கு மட்டும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது.

அந்தப் பத்து இன்னும் ஓயவில்லை. அக்காலத்தில் அக்கட்சியின் முரசுச் சின்னத்தைச் சுவர்களில் எழுதுவதற்காக இரவெல்லாம் கண்விழித்த என் நண்பர் ஒருவர், "கேப்டனுக்குப் பத்து பர்சன்ட் இருக்குய்யா" என்று, 2023 டிசம்பரில் விஜயகாந்த் காலமான பின்பும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர், 2021இல் அக்கட்சி பெற்ற 0.43 சதவீதத்தை எடுத்து நீட்டுவார். இருவர் கூறும் எண்களும் மெய்யானவை. இருவருமே அவற்றைக் கொண்டு நியாயம் செய்யவில்லை.

கட்சி பெறும் வாக்குச் சதவீதத்தை மாநிலம் முழுவதிலும் பதிவான வாக்குகளின் மேல் கணக்கிடுவதே வழக்கம். அக்கட்சி எத்தனை இடங்களில் நின்றது என்பதை அந்த எண் தானாகச் சொல்வதில்லை. 2006இல் மாநிலத்தின் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்று பெற்ற எட்டும், 2011இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 41 இடங்களில் மட்டும் நின்று பெற்ற ஏறத்தாழ எட்டும் எப்படி ஒரே எட்டாக முடியும்? முன்னது தனித்து நின்றவனுக்கு ஊர்தோறும் சிறிது சிறிதாக விழுந்த வாக்கு. பின்னது கூட்டாளியின் தொண்டர்களும் சேர்ந்து போட்ட வாக்கு. அந்த 41இல் 29 இடங்கள் வசமாகி, தி.மு.க.வின் 23ஐத் தாண்டி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். வாக்கு அநேகமாக மாறாதிருக்க, ஸ்தானம் மட்டும் ஒன்றிலிருந்து இருபத்தொன்பதுக்குத் தாவிய அந்த விசித்திரத்தை உற்றுநோக்கியவர்கள், 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து 104 இடங்களில் நின்று, வாக்கு இரண்டரைக்கும் கீழே இறங்கி, தலைவரே உளுந்தூர்ப்பேட்டையில் வைப்புத்தொகையை இழந்தபோது, அவ்வளவாகத் திகைத்திருக்க மாட்டார்கள். 2021இன் 0.43கூட அ.ம.மு.க.வின் கூட்டில் 60 இடங்களில் நின்று பெற்றது. அதையும் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் வீசுவது, 2009ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு எவ்விதத்திலும் குறைந்த பிசகன்று.

எனக்கு இதில் வருத்தம் தருவது வாக்காளர்களைப் பற்றிய எண்ணமே. 2006இலும் 2009இலும் முரசுக்கு வாக்களித்தவர்கள், இரண்டு பெரிய கழகங்களுக்கும் வெளியே ஒரு வழி திறவாதா என்ற தாபத்தோடு, ஜயிக்கமாட்டார் என்று தெரிந்திருந்தும் வரிசையில் நின்றவர்கள். அவர்களுடைய அந்த ஒருநாள் தீர்மானத்தை ஒரு கட்சியின் பூர்விக ஆஸ்தியாகப் பாவித்து, தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணிப் பேரத்தில் இடங்களுக்கு ஈடாக வைப்பதும், அதே தீர்மானத்தை வெறும் சினிமா மயக்கம் என்று தள்ளுவதும் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அவர்களில் எத்தனையோ பேர் மறைந்துவிட்டார்கள். எத்தனையோ பேர் மனம் மாறிவிட்டார்கள். 2024இல் முதன்முதலாக வாக்களித்த பதினெட்டு வயதுப் பிள்ளை, அந்தப் பத்து சதவீதம் எண்ணப்பட்ட காலத்தில் மூன்று வயதுக் குழந்தை.

சதவீதத்தைச் சொல்கிறவர் வருஷத்தையும், நின்ற இடங்களையும், உடன் நின்ற கட்சியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நண்பரிடம் நான் வற்புறுத்துவதுண்டு. அவர் இப்போது 2024ஐ எடுத்துக்கொண்டிருக்கிறார்: 0.43 இரண்டரையாகிவிட்டது, விருதுநகரில் விஜயகாந்தின் மகன் ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் அல்லவா தோற்றார் என்கிறார். அந்தப் போராட்டம் அருமையானதுதான். ஆயினும் அந்த இரண்டரை, அ.தி.மு.க.வின் துணையோடு ஐந்தே மக்களவைத் தொகுதிகளில் திரண்டது. அதை 2021இன் அறுபது சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஆறு மடங்கு வளர்ச்சி என்று சொல்ல நான் சம்மதிப்பதில்லை. அவரும் இன்னும் இணங்கவில்லை.