அந்திக் கணக்கு

நுழையும்முன்

ஆடு, மாடு, கோழி ஆகியவற்றோடு கூடி வாழ்ந்தவை நம் உழவர் குடும்பங்கள். அவற்றுள் உருவில் சிறியது கோழி. பெண்களின் கைச்செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அது துணைநின்றிருக்கிறது. கொல்லைப்புறத்தில் கோழி வளர்த்த அப்பத்தாவிடமிருந்து தாம் கற்றதையும், கற்கத் தவறியதையும் கட்டுரையாசிரியர் இங்கு நினைவுகூர்கிறார்.

பொழுது சாயும் வேளையில் எங்கள் கொல்லைப்புறத்தில் நாள்தோறும் ஒரு கணக்கு நடைபெறும். கோழிக்கூட்டின் வாயிலருகே அப்பத்தா குனிந்து நிற்பார். உள்ளே நுழையும் ஒவ்வொரு கோழியின் முதுகையும் விரல்நுனியால் தொட்டு, வாய்க்குள் எண்ணுவார். அவர் எழுத்தறியாதவர். ஆயினும், அந்தக் கணக்கில் அவர் பிழைசெய்து நான் கண்டதில்லை. எண்ணிக்கை சரியாக வந்தால் பலகையை இழுத்துச் சாத்தி, பெரிய கல்லொன்றை அணைகொடுப்பார். ஒன்று குறைந்தாலோ அன்றைய இரவுச்சோறு தாமதமாகும். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வைக்கோற்படப்பு, வேலியோரம், அடுத்த வீட்டுத் தொழுவம் எனத் தேடிச் செல்வார். 'பா... பா... பா...' என்னும் அவருடைய அழைப்பு இருளில் நெடுந்தொலைவு கேட்கும்.

அப்பத்தா இன்று இல்லை. சிவகங்கைச் சீமையின் வறண்ட சிற்றூர் ஒன்றில், அதே வீட்டில், அதே கொல்லைப்புறத்தில் இப்போது ஒன்பது கோழிகளை நான் வளர்க்கிறேன். அந்திக் கணக்கு என் கைக்கு வந்துவிட்டது.

கொல்லைப்புறத்துக் குடிகள்

எங்களுடையவை சிறுவிடைக் கோழிகள். பண்ணையில் கூண்டுக்குள் வளரும் முட்டைக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். நாட்டுக்கோழியோ 60, 70 முட்டைகளுடன் நிறுத்திக்கொள்ளும். ஆனால், தன் இரையில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். தான் இட்ட முட்டையைத் தானே அடைகாக்கும். பொரித்த குஞ்சுகளைத் தானே வளர்க்கும். வீட்டார் அதற்குத் தருவது விடியலில் ஒரு கை கம்பு, ஒரு சட்டித் தண்ணீர், இரவில் ஒரு கூரை. அவ்வளவே.

பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாக் கோழிகளும் ஒன்றுபோலவே தோன்றும். உடன்வாழ்பவருக்கு அவை தனித்தனி ஆள்கள். கழுத்தில் இறகில்லாத 'கிராப்பு' எவருக்கும் அஞ்சாது. அடுக்களை வரை வந்து அரிசிப்பானையை எட்டிப் பார்க்கும். சாம்பல்நிறப் பெட்டை தனித்தே திரியும். செவலை இரையைக் கண்டால் முதலில் ஓடிவரும். ஆனால், பெரிய கோழிகள் கொத்தியதும் ஒதுங்கி நிற்கும். கோழிக்கூட்டத்தில் யாரை யார் கொத்தலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டு அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெரூப் எப்பே சிறுவயது முதல் கோழிகளை உற்றுநோக்கி, 1921ஆம் ஆண்டு அவ்வொழுங்கை எழுதி வெளியிட்டார். அப்பத்தா அதனைப் படித்தவரல்லர். எனினும், தானியத்தை ஒரே இடத்தில் கொட்டமாட்டார். முற்றத்தில் ஒரு பங்கு இறைத்து, வலிய கோழிகள் அங்கே கூடியதும், முருங்கை மரத்தடியில் மறுபங்கு இறைப்பார். "ஒதுங்கி நிக்கிறதுக்கும் வயிறு இருக்குல்ல" என்பார்.

கோழி வளர்ப்பின் இன்பங்கள் சிறியவை, விலையில்லாதவை. அடுப்புச்சாம்பல் கொட்டிய குழியில் ஒருக்களித்துப் படுத்து, சிறகால் புழுதியை வாரி மேலே போட்டுக்கொண்டு அவை குளிப்பதைக் காணலாம். இறகிடுக்கில் ஒட்டிய பேன் உதிர்வதற்கு அந்தப் புழுதிக்குளியல் உதவுகிறது. முதல் முட்டையிட்ட விடைக்கோழி ஊரையே கூட்டுவதுபோலக் கேறுவதைக் கேட்கலாம். இட்ட முட்டையைக் கையிலெடுத்தால் ஓர் இளஞ்சூடு உள்ளங்கையில் பரவும். ஆண்டுகள் பல சென்றபின்னும் அந்தச் சூடு எனக்குப் பழகிப்போகவில்லை.

இருபத்தொரு நாள்கள்

கோழி அடைக்கு வந்துவிட்டால் வீடே அதன் நாள்கணக்கில் இயங்கத் தொடங்கும். அகன்ற கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, தேர்ந்தெடுத்த முட்டைகளை அப்பத்தா அடுக்குவார். இடியோசையால் முட்டை கெடாதிருக்கவேண்டுமென்று ஓர் இரும்புத்துண்டையும் ஓரத்தில் வைப்பார். அது நம்பிக்கை. ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் விளக்கொளிக்கு நேரே பிடித்து, உள்ளே சிவந்த நரம்போட்டம் தெரிகிறதா எனப் பார்ப்பார். அது அறிவியல். இரண்டையும் ஒரே கவனத்துடன் செய்வதே அவருடைய வழக்கம்.

அடைக்கோழி நாளுக்கு ஓரிரு முறையே எழுந்து வரும். அவசர அவசரமாக இரையெடுக்கும், தண்ணீர் குடிக்கும், முட்டை ஆறும்முன் திரும்பிவிடும். அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்தில் கிடந்ததை நடுவிலும் நடுவில் கிடந்ததை ஓரத்திலும் மாற்றும். கரு ஓட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்ளாமலும், எல்லா முட்டைகளுக்கும் சூடு கிடைக்கவும் இதுவே வழி. இருபதாம் நாள் முட்டையைக் காதருகே வைத்தால் உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். தாய்க்கோழி அதற்குத் தாழ்ந்த குரலில் மறுமொழி சொல்லும். முகம் காணும்முன்பே தாயும் சேயும் பேசிக்கொள்ளும் அதிசயத்தை என் காதால் கேட்டிருக்கிறேன். மறுநாள், அலகு நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டை உடைத்து, நனைந்த பஞ்சுபோல் குஞ்சு வெளிவரும். உதவுவதாக எண்ணி ஓட்டைப் பிரிக்க முயன்ற என் கையை அப்பத்தா ஒருமுறை தட்டிவிட்டார். "அது பாடு அது படட்டும். நீ பிச்சா செத்துப்போகும்" என்றார்.

வானும் வேலியும்

குஞ்சு பொரித்த நாள்முதல் கவலையும் பிறந்துவிடும். வானில் பருந்தும் வல்லூறும், வேலியில் கீரியும் காட்டுப்பூனையும், வீட்டுக்குள்ளேயே எலி. பருந்தின் நிழல் கண்டால் கோழி எழுப்பும் ஒலி வேறு. தரைவழி வரும் பகைக்கு எழுப்பும் ஒலி வேறு. முதலாவதைக் கேட்டதும் குஞ்சுகள் அசைவற்றுப் பதுங்கும்; இரண்டாவதைக் கேட்டால் தலைநிமிர்ந்து நோக்கும். சில மாதங்களில் அவ்விரண்டு ஒலிகளையும் பிரித்தறிய நாமும் பழகிவிடுவோம்.

மாலை வேளையில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வர, அஞ்சித் திகைத்த தன் குஞ்சுகளை வீட்டுக்கோழி கூவி அழைக்கும் காட்சியைக் குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் அமைத்திருக்கிறார். அப்பாடலை வகுப்பறையில் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. அந்தக் கோழியும் அந்த வேலியும் அந்த மாலையும் எங்கள் கொல்லைப்புறத்தில் இருந்தன.

அந்த மாசி மாதம்

நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது எங்களிடம் 23 கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசை அப்பத்தா ஒரு மண் உண்டியலில் போட்டுவந்தார். என் கல்லூரிச் செலவுக்கென்று அவர் சேர்த்த பணம் அது.

அவ்வாண்டு மாசி மாதத்தில் கோழிக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடுவதாகத் தண்டோரா போட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊருக்குக் கோழிகளைக் கொண்டுசெல்ல வேண்டும். பகலில் அவை கைக்கு அகப்படமாட்டா. ஆதலால், முதல்நாள் இரவே பிடித்து இரண்டு கூடைகளில் அடைத்துவைத்தார் அப்பத்தா. "விடிஞ்சதும் சைக்கிள்ல கொண்டுபோய் ஊசி போட்டுட்டு வந்திரு ராசா. எனக்கு முழங்கால் ஒத்துழைக்கல" என்றார். மறுநாள் எங்கள் பள்ளி அணிக்குக் கிரிக்கெட் போட்டி இருந்தது. "அடுத்த வாரம் போறேன் அப்பத்தா" என்று சொல்லிவிட்டு, மட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் சற்று நேரம் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோழிகளைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் என்பது அந்த மருந்துக்கு இல்லை என்பதை நான் பின்னரே அறிந்தேன். ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்கானது. கரைத்தபின் குளிர்ச்சி குறையாமல் வைத்து, விரைவில் போட்டு முடித்துவிட வேண்டும். ஊர்க்கோழிகளையெல்லாம் ஒரே நாளில் கூட்டுவதற்கு அதுவே காரணம். நோய் வந்தபின் போட்டாலும் அது பயன்தராது.

பத்தாம் நாள் சாம்பல்நிறப் பெட்டையொன்று இரையெடுக்கவில்லை. சிறகு தொங்க, கண்மூடி நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மறுநாள் மூன்று; அதற்கடுத்த நாள் ஏழு. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வானத்தைப் பார்த்தபடி சுற்றிச்சுற்றி வந்து விழுந்தன. 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இனங்காணப்பட்டு அவ்வூரின் பெயராலும், பின்னர் இமயமலைச் சாரலின் இராணிகேத் ஊரில் கண்டறியப்பட்டு அப்பெயராலும் வழங்கும் நோய் இது. பெயர் எதுவாயினும் இதற்கு மருந்தில்லை. தடுப்பு மட்டுமே உண்டு.

நான்காம் நாள் வியாபாரி ஒருவர் வந்தார். உயிரோடு இருப்பவற்றைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கையில் பணத்தையும் நீட்டினார். அப்பத்தா அதைத் தொடவில்லை. "நோவ விலைக்கு விக்கச் சொல்றியா? இன்னொரு வீட்டுக் கோழியில்ல சாகும்" என்று திருப்பி அனுப்பினார். இறந்தவற்றைக் கொல்லைக்கோடியில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவி என்னைப் புதைக்கச் சொன்னார். இருபது கோழிகளை நான் புதைத்தேன்.

எட்டாம் நாள் அந்தியில் வழக்கம்போல் அவர் கூட்டருகே குனிந்தார். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என எண்ணினார். அதன்பின்னும் விரலை நீட்டியபடியே நெடுநேரம் நின்றார். என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மாலையை நான் மறந்திருக்கக்கூடும்.

கல்லூரியில் சேரும் நாளில் உண்டியலை உடைத்தோம். அந்த மாசிக்குப் பிந்தைய காசு அதில் மிகக் குறைவாகவே இருந்தது. அதைப்பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாள்காட்டியில் ஒரு வட்டம்

நோயிலிருந்து பிழைத்த மூன்று கோழிகளைக் கொண்டு அப்பத்தா மறுபடியும் தொடங்கினார். கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்படித்து, பல நாள் வெயில்படத் திறந்துவைத்தார். அடுத்த முகாமுக்கு எவரும் சொல்லாமலே நான் கூடைகளோடு சென்றேன். கோழிகளிடம் எனக்கு அன்பு முன்பும் இருந்தது. அவற்றுக்குப் பெயர்வைத்தவனே நான்தான். உரிய நாளில் உரிய வேலையைச் செய்யாத அன்பு கோழிக்கு உதவாது என்பதை இருபது குழிமேடுகள் எனக்குச் சொல்லின.

சென்ற வாரம் அந்திக் கணக்கில் எட்டுதான் வந்தது. செவலையைக் காணவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு, வைக்கோற்படப்பையும் வேலியோரத்தையும் துழாவினேன். அப்பத்தாவின் குரலில் 'பா... பா...' என அழைத்தேன். காலையில் கீரியொன்று வேலி தாண்டியதைக் கண்டிருந்ததால் மனம் பதைத்தது. முருங்கை மரத்தடியில் அடுக்கிய விறகின் பின்னால் இரண்டு கண்கள் ஒளிர்ந்தன. இறகைச் சிலிர்த்துக்கொண்டு செவலை உறுமியது. கையை மெல்ல வயிற்றினடியில் நுழைத்தேன். கொத்துகளுக்கிடையே விரல்கள் எண்ணின. பதினொரு முட்டைகள், யாருக்கும் தெரியாமல் இட்டுச் சேர்த்தவை.

அதை எழுப்ப மனம் வரவில்லை. அப்பத்தாவின் பழைய பஞ்சாரத்தைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்து, காற்றும் பூனையும் புரட்டாதபடி கல்லை ஏற்றினேன். வீட்டுக்குள் வந்து நாள்காட்டியில் இரண்டு தேதிகளை வட்டமிட்டேன். ஒன்று, இருபத்தொன்றாம் நாள். மற்றொன்று, குஞ்சுகளின் கண்ணிலும் மூக்கிலும் முதல் தடுப்பு மருந்தைச் சொட்டுவிட வேண்டிய, அதற்கடுத்த ஏழாம் நாள்.