தானாக நிரம்பிய இலக்கம்

எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது 'போம்' நிரப்ப வேண்டுமென்றால் முன்பெல்லாம் என் வாப்பாவிடம்தான் வருவார்கள். வாப்பா அவசரப்படமாட்டார். முதலில் பென்சிலால் எழுதுவார். வந்தவருக்கு அதை வாசித்துக் காட்டுவார். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் பேனையை எடுப்பார். பெயருக்குத்தான் அதிக நேரம் போகும். முஹம்மது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கும். என் உம்மாவின் பெயரிலுள்ள பாத்திமாவில் ஓரிடத்தில் 'எச்' இருக்கிறது, மற்ற இடத்தில் இல்லை. ஒரு போமுக்கு அரை மணித்தியாலமாவது ஆகும். எனக்கு அது பெரிய அலுப்பாக இருந்தது.

2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் பதிவு வந்தபோது அந்த வேலை வாப்பாவின் பேனையிலிருந்து என் போனுக்கு மாறியது. மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் கிடைத்த வாரம் 4 லீற்றருக்காக அடையாள அட்டையையும் வாகனப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அயலவர்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து ஒழுங்கையின் எழுதுவினைஞர் நான்தான். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்த நாட்களில்தான் ஓட்டோஃபில் எனக்குப் பழக்கமானது. ஒரு விண்ணப்பத்தை அனுப்பியதும், "இந்த முகவரியைச் சேமிக்கவா?" என்று போன் கேட்கும். ஆம் என்று தட்டிவிட்டால் போதும். அடுத்த முறை பெயர்க் கட்டத்தில் விரலை வைத்ததும் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் ஒரே தட்டலில் வந்து உட்கார்ந்துவிடும். இதில் மாயம் ஒன்றுமில்லை. இணையப் பக்கத்தைச் செய்தவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு அடையாளம் கொடுத்திருப்பார்: இது பெயர், இது தொலைபேசி என்று. அடையாளம் இல்லாவிட்டால் கட்டத்தின் தலைப்பைப் பார்த்துப் போன் ஊகிக்கும். அந்த அடையாளங்களில் முதற்பெயர் உண்டு, குடும்பப் பெயர் உண்டு. நம் நாட்டுப் போம்கள் பலவற்றில் கேட்கும் 'முதலெழுத்துகளுடன் பெயர்' மட்டும் இல்லை. அதனால்தான் நம்மில் பலருக்கு வாப்பாவின் பெயர் குடும்பப் பெயரின் இடத்திலும், நம் பெயர் எங்கேயோ நடுவிலும் போய் விழுகிறது.

இதையெல்லாம் நான் பிறகுதான் தேடி வாசித்தேன். தேட வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா.

இரண்டு பிள்ளைகளின் தாய் அவர். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தும் மேலே படிக்க முடியாமல் போனவர். முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியிருப்பதாகக் கேள்விப்பட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் எனக்கு ஒரு தவணைப் பரீட்சை. ஒரே ஒழுங்கைதானே என்று எங்கள் வீட்டு முகவரியையே ஒரே தட்டலில் நிரப்பினேன். பெயரை மாற்றினேன், வீட்டிலக்கத்தை மாற்றினேன், அடையாள அட்டை இலக்கத்தை அடித்தேன். கடைசியில், 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையானவை' என்ற வரிக்குப் பக்கத்திலிருந்த சிறிய பெட்டியில் சரி போட்டேன். மூன்று நிமிடமும் ஆகவில்லை. "கெட்டிக்காரி" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார் ராத்தா.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு அஸர் நேரம், கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தார். நேர்முகப் பரீட்சை முடிந்து பத்து நாளாகிவிட்டதாம். இன்னொரு பெண் சொல்லித்தான் தெரியுமாம். விசாரிக்கப் போன இடத்தில் "உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினோமே" என்று இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"இது ஆர்ர நம்பர் புள்ள?"

நான் வாங்குவதற்கு முன் வாப்பா அதை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என்ட பழைய நம்பர்" என்றார். "சிம் வேலை செய்யாம விட்டு ஒரு வருஷம்."

ராத்தா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "அடுத்த முறை பார்ப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உம்மாதான் ஏசினார். வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அனுப்ப முந்தி அவவுக்கு வாசிச்சுக் காட்டினியா?"

அன்றிரவு போனின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பதினொரு பேரின் முகவரிகள் அங்கே இருந்தன. மாமிமாரின் வீடுகள், அவர்களுடைய மகன்மாரின் தொலைபேசி இலக்கங்கள். அடையாள அட்டை இலக்கங்களும் முன்பு அடித்தவையாக ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஒரு அடையாள அட்டை இலக்கம் லேசான விஷயமல்ல. 2016இலிருந்து வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். இலக்கத்தைப் பார்த்தாலே ஒருவரின் வயதும் பிறந்த நாளும் தெரிந்துவிடும். நம்பி என்னிடம் தந்த அமானிதங்களை நான் ஒரு போனுக்குள் கொட்டி வைத்திருந்தேன். அந்தப் போனில்தான் தம்பி கேம் விளையாடுகிறான்.

இன்னொன்றும் வாசித்தேன். 2017இல் பின்லாந்து நாட்டு மென்பொருளாளர் ஒருவர் ஒரு பக்கத்தைச் செய்து காட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது பெயரும் மின்னஞ்சலும் கேட்கும் இரண்டு கட்டங்கள் மட்டுமே. ஆனால் ஓட்டோஃபிலைத் தட்டியதும், மறைத்து வைக்கப்பட்ட கட்டங்களுக்குள் தொலைபேசி இலக்கமும் முகவரியும் சேர்ந்து போய்விட்டன. அதை வாசித்த கையோடு எல்லாருடைய விபரங்களையும் அழித்தேன். என்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டேன். அது வசதிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு கை இயலாத எங்கள் மாமாவுக்கு அது வசதி மட்டுமல்ல, பெரிய உதவி.

அடையாள அட்டைக் கணக்கு எனக்கு வேறொரு வகையில் உதவுகிறது. மார்ச் 10இல் பிறந்த பெண் என்றால் நடுவில் 570 வர வேண்டும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுகிறார்கள். பிறந்த திகதியும் அட்டை இலக்கமும் ஒத்துப்போகிறதா என்று இப்போது விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறேன். தம்பிக்கு அது பெரிய பகிடி.

அடுத்த வருடம் அதே பயிற்சிக்கு மீண்டும் விண்ணப்பம் கோரினார்கள். நானே போய் ராத்தாவைக் கூட்டி வந்தேன். சின்னவன் இப்போது இடுப்பில் இல்லை, முற்றத்தில் ஓடித் திரிந்தான். ராத்தா தன் இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல நான் அடித்தேன். அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து கடைசி வரை உரத்து வாசித்தேன். வாப்பா பேப்பர் பார்ப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நில்லு புள்ள" என்றார் ராத்தா. "கடைசி ரெண்டும் மாறிட்டு. நாப்பத்தேழு இல்ல, எழுபத்திநாலு."

அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.