கறள் பிடியாத தையல்

“வயித்துக்குள்ள கம்பியால தைச்சால் அது கறள் பிடியாதோ, தம்பி?” என்று பெரியையா என்னிடம் கேட்டார். அச்சுவேலிச் செம்மண்ணிற் புகையிலையும் வெங்காயமும் செய்து முதுமையெய்தியவர் அவர். இரைப்பையிற் புற்றுநோய், இரைப்பை முழுவதையும் அகற்ற வேண்டுமென வைத்தியர்கள் கூறிவிட்டனர். மண்வெட்டி மாரியிற் கறள் பிடிப்பதை ஆண்டாண்டாகக் கண்ட கமக்காரனுக்கு எழுந்த இவ்வையம் மிக நியாயமானதே. விடை கிடைக்கும் வரை சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிட அவர் மறுத்துவிட்டார். கலைப்பீட மாணவனாகிய நான் மருத்துவபீட நண்பர்களின் நூல்களைப் புரட்டத் தொடங்கியது இதனாலேயே.

புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை வெட்டியகற்றி நோயாளியை முதன்முதலிற் பிழைக்க வைத்தவர் வியன்னா நகரத்துத் தியோடர் பில்ரோத். அது 1881 ஜனவரி 29 ஆந் திகதி நிகழ்ந்தது. அவர் தைத்தது பட்டுநூலால். அப்பெண் தேறினாள், எனினும் நான்கு மாதமளவில் அந்நோயாலேயே இறந்தாள். அன்று தொட்டுச் சத்திரவைத்தியரை அச்சுறுத்தி வருவது பொருத்திய இடம் ஒழுகிவிடுமோ என்பதே. ஒழுகினால் வயிற்றறை முழுவதும் கிருமி பரவும். புடாபெஸ்ற் நகரத்து ஹியூல்ற்ல் 1908 இற் கம்பியால் தைக்கும் பொறியைக் கையாண்டமைக்கு இவ்வச்சமே காரணம். மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட அப்பொறியைப் பூட்டி ஆயத்தஞ் செய்யவே இரண்டு மணி நேரம் சென்றதாம்! பின்னர் பெற்ஸ் என்பவர் அதனை இலகுவாக்கினார். சோவியத் நாட்டார் மேலும் திருத்தினர். 1958 இற் கீவ் நகரிலே அதனைக் கண்ட மார்க் ரவிற்ச் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்.

இரைப்பையை முற்றாக நீக்கியபின் களத்தின் கீழ்முனையைச் சிறுகுடலோடு பொருத்த வேண்டும். நெஞ்சறைக்கு அண்மையில், கை எளிதிற் புகாத ஆழத்தில் அது கிடக்கிறது. வட்டக் கருவியின் தலையைக் களத்தினுள்ளும் தண்டைக் குடலினுள்ளும் வைத்து நெருக்கி அழுத்தினால், இரு வட்ட வரிசைகளாகக் கம்பிகள் பாய்கின்றன. உள்ளிருக்கும் வட்டக்கத்தி வழியைத் திறக்கிறது. கம்பிகள் ஆங்கில ‘பி’ எழுத்தின் வடிவில் மடிவதால் நுண்குருதிக் குழாய்கள் நெரிபடாது இழையம் உயிரோடிருக்கிறது. வெட்டுண்டு வரும் இரண்டு தசை வளையங்களும் முழுமையாக உள்ளனவா என்று சத்திரவைத்தியர் கையில் எடுத்துப் பார்ப்பார். ஒன்றில் இடைவெளி இருப்பின் அங்கே தையல் பிடிக்கவில்லை என்பது பொருள். பொறி எத்துணை நுட்பமானதாயினும் இப்பார்வையை அது செய்து தராது. இழுவிசையின்றி, நல்ல இரத்தவோட்டத்தோடு இரு முனைகளும் சேருமாறு பார்ப்பதும் மனிதர் பொறுப்பே.

கம்பிகள் தைற்றேனியத்தாலானவை, அவை கறள் பிடியா, ஆயுள் முழுவதும் உள்ளேயே கிடக்கலாம். இதனைச் சொன்னதும் பெரியையா கையொப்பமிட்டார். புகைத்தலும் இந்நோய்க்கு ஒரு காரணமென்று அந்நூல்களிலே படித்திருந்தேன். தம் தோட்டத்துப் புகையிலையிற் சுருட்டுப் பிடித்தவரிடம் அக்கதையை அப்பொழுது நான் எடுக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து ஏழாம் நாள் அவர் கஞ்சித்தண்ணீர் அருந்தினார்.

கறளைப் பற்றிய ஒரு கேள்விக்கு நோயாளியின் மொழியில் விடை சொல்ல ஒரு மாணவன் தேவைப்பட்டமை என்னை உறுத்துகிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867 இல் வெளிவந்தது. இக்கருவி தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகள் முந்திய அந்நூலில் இதற்குச் சொல் இருக்க இயலாது. எங்கள் வீட்டார் ‘கம்பித்தையல்’ என்கின்றனர்; மருத்துவபீட நண்பர்கள் இன்னும் ‘ஸ்ரேப்ளர்’ என்றே சொல்கின்றனர்.