உமி

அப்பா போன பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நாலு கோழி வாங்கி வுட்டுக்கட்டுமா கண்ணு?" பெங்களூருக்கு வந்துவிடு என்று ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தவன் நான். அதற்கான பதில்தான் இது என்று அப்போது உறைக்கவில்லை.

கொட்டகையை நானே கட்டினேன். பல்பு, சென்சார், போனில் வெப்பநிலை பார்க்கும் வசதி எல்லாம் உண்டு. ஒருநாள் வயதுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சுகள் இருபது. தரையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பக்கத்து ஃபர்னிச்சர் பட்டறையில் மரத்தூள் சும்மா கிடைத்தது. இரண்டு மூட்டை கொட்டிவிட்டு ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிட்டேன்.

ஏழு குஞ்சுகள் செத்துப்போயின. அம்மா மூன்று நாள் அதைச் சொல்லவே இல்லை. சொன்னால் "மிச்சத்த வித்துட்டுக் கெளம்பும்மா" என்பேன் என்று பயம். போனில் அத்தனை நாளும் பச்சைக் கோடுதான் ஓடிக்கொண்டிருந்தது, 33 டிகிரி.

ஊருக்குப் போய் நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. "குத்தவச்சு மோந்து பாரு" என்றாள் அம்மா. குந்தியதும் கண் எரிந்தது. குஞ்சு மூச்சுவிடுவது தரையிலிருந்து மூன்று அங்குலத்தில். ஈரத்தில் ஊறிய எச்சத்தின் யூரிக் அமிலத்தை பாக்டீரியா அம்மோனியாவாக்கிவிடும். காற்றில் அது 25 பிபிஎம் தாண்டக் கூடாது என்பார்கள். அதற்கெல்லாம் நான் சென்சார் வைத்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவமனையில் ஒரு குஞ்சை அறுத்துக் காட்டினார்கள். இரைப்பை நிறைய மரத்தூள். தீவனம் எது, தூள் எது என்று முதல் வாரக் குஞ்சுக்குத் தெரியாதாம். பிளைவுட் அறுத்த தூள் என்றால் அதில் பசை வேறு. முதல் சில நாள் தூளின் மேல் தாள் விரித்திருக்கணும். அதிலும் வழவழ தாள் ஆகாது, கால் வழுக்கி அகண்டு நொண்டியாகிவிடும். இருபது நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயங்கள். சென்சாருக்கு நான் செலவழித்தது இரண்டு வாரம்.

கடலைத்தோல் எங்கள் பக்கம் சல்லிசு, ஆனால் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தத் தூசி கோழியின் நுரையீரலுக்கு ஆகாது. தேங்காய் நார்க்கழிவு தண்ணீரை நன்றாகக் குடிக்கும், காயத்தான் நாளாகும். கடைசியில் ரைஸ்மில் உமி. அது அப்படியொன்றும் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் லேசில் கட்டிதட்டாது, கிளறிவிட்டால் காய்ந்துவிடும். ஆழ்கூளம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று அங்குலத்துக்கு உமி, தினம் ஒரு கிளறு, தண்ணித்தட்டைச் சுற்றி நனைந்ததை அள்ளி எறிவது, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கணும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம் அதிகம். உதிர்ந்தால் சரி.

"முட்டி வலியோட தினமும் யாரும்மா கிளறுறது?" என்றேன்.

"ஏன், நான் எதுக்கு இருக்கறேன்?"

பெங்களூர்ப் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. காலையில் ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். அம்மாவின் உள்ளங்கை, அதில் கொஞ்சம் உமி. சில நாள் அது உருண்டையாக நிற்கும். அன்றைக்கு மத்தியானம் இன்னொரு போட்டோ வரும்.