தகடூர்ச் சீமையில் பழ மரங்கள் பேசும் பாஷை

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயின் வளைவுகளை ஒருவாறு சமாளித்து மேலே வந்து விட்டால் தர்மபுரிச் சீமை ஆரம்பமாகி விடுகிறது. இரு பக்கமும் குன்றுகள். நடுவே சிவந்த மண். வருண பகவான் இந்தப் பக்கம் வரும்போது மட்டும் கையைச் சற்று இறுக்கிக் கொள்வார். ஆகையால் இங்கே பச்சைப் பசேலென்ற நெல் வயல்களைத் தேடுவதை விட, தண்ணீருக்காக அதிகம் நச்சரிக்காத மரங்களைப் பார்ப்பதே கண்ணுக்கு விருந்து. புளி, மா, நெல்லி, சீத்தா, கொய்யா என்று ஒவ்வொன்றும் தன் காலத்தில் காய்த்துக் குலுங்கும்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆந் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆன ஊர் இது. பிறகு 2004இல் கிருஷ்ணகிரி தனிக்குடித்தனம் போயிற்று. போகும்போது மாந்தோப்புகளில் பெரும் பங்கைச் சீதனமாக எடுத்துக்கொண்டு போய் விட்டது! அப்படியும் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கங்களில் மாமரங்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த மரங்களின் நிழலில் சற்று நின்று அவற்றின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் மட்டுமா கேட்கும்? போர்த்துகீசிய பாஷையும் இங்கிலீஷும் அரபியும் சேர்ந்தே கேட்கும். போர்த்துகீசியர் ஆண்டது கடற்கரையைத்தானே, மலை நாடான தர்மபுரிக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். மனிதர் வராத இடத்துக்கும் பழமும் பெயரும் வந்து சேர்ந்து விடும். அதுதான் விசேஷம்.

உலகம் முழுவதும் காய்தான்!

முதலில் பழங்களின் ராஜாவிடமே போவோம். மரத்துக்கு நாம் வைத்த பெயர் மா. அது காய்த்தால் மாங்காய், கனிந்தால் மாம்பழம். ஊறுகாய் போடும் நாளில் மாங்காய் வாங்கி வரச் சொன்னால், வீட்டுக்காரர் மாம்பழத்தோடு வந்து நிற்பாரா? நின்றால் என்ன நடக்கும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும்!

ஆனால் 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு இந்த வித்தியாசம் அடிபட்டுப் போயிற்று. மலையாளக் கரையில் ‘மாங்ஙா’ என்றும், தமிழில் ‘மாங்காய்’ என்றும் சொல்லக் கேட்ட போர்த்துகீசியர் ‘மங்கா’ என்று எழுதி வைத்துக் கொண்டார்கள். காய்க்கும் அதுவே, கனிக்கும் அதுவே. அவர்களிடமிருந்து வாங்கிய இங்கிலீஷ்காரர் அதை ‘மேங்கோ’ ஆக்கினர். தேனாய்ச் சொட்டும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்தில் பாதிப் பேர் நம் பாஷையில் ‘காய், காய்’ என்று சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்!

பலாவின் கதையும் இதே தினுசுதான். மலையாளத்துச் ‘சக்க’ போர்த்துகீசிய வாயில் ‘ஜாக்கா’ ஆயிற்று. இங்கிலீஷில் ‘ஜாக்’ ஆயிற்று. இங்கிலாந்தில் ஜாக் என்பது நம் ஊர் ராமன், கிருஷ்ணன் போல ஆண் பிள்ளையின் பெயர். முள்ளுத் தோல் போர்த்திய நம் பலாவுக்கு இப்படி ஒரு நாமகரணம் நடந்திருப்பது அதற்கே தெரியாது.

பெரேரா என்றால் என்ன?

மரத்துக்குத் தனிப் பெயர் வைப்பதில் போர்த்துகீசியருக்கு நம்மைப் போலவே அக்கறை உண்டு. பழத்தின் பெயரோடு ‘ஏய்ரா’ அல்லது ‘ஏய்ரோ’ என்று வால் சேர்த்தால் மரம் கிடைத்து விடும். மங்கா பழம், மங்கேய்ரா மாமரம். ஜாக்கா பழம், ஜக்கேய்ரா பலா மரம். கொய்யாவுக்குக் கொயாபா, மரம் கொயபேய்ரா. தேங்காய் கோக்கோ, தென்னை கொக்கேய்ரோ. முந்திரி கஜூ, மரம் கஜுவேய்ரோ.

இங்கிலீஷில் இந்த வசதி இல்லை. பழத்தின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ‘ட்ரீ’ என்று ஒட்ட வைக்க வேண்டியதுதான். தமிழிலோ மா, பலா, புளி, நெல்லி என்று ஒரே சொல்லில் மரம் முழுதும் நிமிர்ந்து நிற்கிறது. மரம்தான் முதல், காயும் பழமும் அதற்குப் பிறகு.

போர்த்துகீசிய மரங்களில் ஒன்று நம்மிடையே மனிதராகவே நடமாடுகிறது. தூத்துக்குடிக் கரையிலும் இலங்கையிலும் பெரேரா என்ற குடும்பப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ‘பேரா’ என்பது பேரிக்காய். ‘பெரேய்ரா’ அது காய்க்கும் மரம். ஒலிவேரா என்றால் ஒலிவ மரம். நம் ஊரில் ‘புளியமரத்தார் வீடு’ என்று ஒரு குடும்பத்தைச் சொல்வதில்லையா, அது போலத்தான்.

இந்தப் பேராவுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலையாளத்தில் கொய்யாவைப் பேரக்கா என்கிறார்கள், சிங்களத்தில் பேர, மராத்தியில் பேரு. எல்லாமே பேரிக்காயை நினைத்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். நாம் மட்டும் கொயாபாவைச் சுருக்கிக் ‘கொய்யா’ என்று வைத்துக் கொண்டோம். மரத்திலிருந்து கொய்து தின்னும் பழத்துக்குக் ‘கொய்யா’ என்று பெயரா என்று சிலேடை பேசவும் வசதியாகப் போயிற்று.

சீதை கொடுத்த பழமா?

தர்மபுரியின் கடைவீதியில், கூடையில் சீத்தாப்பழம் வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தோம்.

“ஏம்மா, இது கடல் தாண்டி வந்த பழம் என்கிறார்களே?”

“யாரு சாமி சொன்னது? சீதையம்மா காட்டுல இருந்தப்போ தின்னுட்டுப் போட்ட கொட்டையில மொளைச்சது. எங்க பாட்டன் காலத்திலிருந்து மலையிலதான் காய்க்குது. யாரும் நடல, யாரும் தண்ணி ஊத்தல.”

அம்மாள் சொன்னதில் பின்பாதி அப்படியே உண்மை. குன்றுச் சரிவுகளில் சீத்தா தானாகவே வளர்கிறது. முன்பாதிதான் வழக்குக்கு உரியது. சீத்தா, கொய்யா, பப்பாளி, முந்திரி, அன்னாசி எல்லாமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. போர்த்துகீசியர் கப்பல்களே அவற்றை இங்கே கொண்டு வந்து சேர்த்தன என்பதே பரவலான கருத்து. மலையாளத்தார் சீத்தாவை ‘ஆத்தச்சக்க’ என்கிறார்கள். அந்த ‘ஆத்த’ போர்த்துகீசியப் பெயரான ‘ஆத்தா’தான். யாழ்ப்பாணத்து ‘அன்னமுன்னா’வும் ‘அனோனா’ என்ற பெயரின் சாயல். பிரேஸில் நாட்டிலோ இதற்கு ‘பிரபுவின் பழம்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அங்கே ஒரு பிரபு; இங்கே சாட்சாத் சீதாப் பிராட்டி. அந்நியராக வந்த மரத்தை அசோகவனத்துத் தேவியின் பெயரால் அழைக்கிறோம் என்றால், அதைவிட அன்பான வரவேற்பு வேறு என்ன வேண்டும்?

எல்லாம் ஒரே வழிப் பயணம் என்று நினைத்து விடாதீர்கள். நம் சமையலறையின் உயிரான புளியைக் கண்ட அராபியர் அதை ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். போர்த்துகீசியர் ‘தமரிந்தோ’ ஆக்கினர். அதுவே இங்கிலீஷில் ‘டாமரிண்ட்’. பேரீச்சைக்கும் புளிக்கும் எள்ளளவும் உறவு கிடையாது. கோவாவில் வைத்தியம் பார்த்த கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய வைத்தியர், நம் மூலிகைகளையும் பழங்களையும் பற்றி 1563இல் அங்கேயே ஒரு புத்தகம் அச்சிட்டார். புளியும் மாவும் பலாவும் அதில் இடம் பெற்றிருக்கின்றன.

ஆரஞ்சின் யாத்திரை இன்னும் நீளம். நாரங்கம் என்ற வடமொழிச் சொல் பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், போர்த்துகீசியத்தில் லரஞ்ஜா, இங்கிலீஷில் ஆரஞ்சு. அந்த நாரங்கத்துக்கும் வேர் நம் நாரத்தை போன்ற தென்மொழிச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் எண்ணம். அராபியரோ இன்று இனிப்பு ஆரஞ்சை ‘புர்துகால்’ என்று, போர்த்துகல் நாட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள்!

இங்கிலீஷ்காரரின் ஆப்பிள் மோகம்

இங்கிலீஷ்காரர் இந்தப் பக்கம் வந்தது மிகவும் தாமதமாக. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பாராமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. அலெக்ஸாண்டர் ரீடு அதன் அதிகாரியாக வந்தார். பிற்காலத்தில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்கு உதவியாளர். தர்மபுரியில் சில வருஷங்கள் தங்கியவர். அதற்குள் போர்த்துகீசியர் வந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகி விட்டன. இங்கிலீஷ்காரர் பாஷையில் மேங்கோவும் ஜாக்கும் டாமரிண்டும் கேஷ்யூவும் ஏற்கெனவே நுழைந்திருந்தன.

போர்த்துகீசியர் வழி காட்டாத இடத்தில் இங்கிலீஷ்காரர் பட்ட பாடு பரிதாபம். கண்ணில் பட்டதற்கெல்லாம் ‘ஆப்பிள்’ என்று பெயர். சீத்தா கஸ்டர்டு ஆப்பிள். விளாம்பழம் மர ஆப்பிள். ஜம்பு ரோஜா ஆப்பிள். அன்னாசியைப் போர்த்துகீசியர் ‘அனனாஸ்’ என்று ஒழுங்காகச் சொல்ல, இவர்கள் ஊசியிலை மரத்தின் காயைப் போலிருக்கிறதென்று பைன் ஆப்பிள் ஆக்கி விட்டார்கள். ஊர் நினைவு வந்தவர்கள் பாவம், வேறு என்ன செய்வார்கள்!

அதியமானின் நெல்லி

இவ்வளவு பெயர்களைக் கேட்ட பிறகு, இந்த மண்ணின் தலையாய கனியிடம் வர வேண்டும். தகடூர் என்பதுதான் தர்மபுரியின் பழம் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். எட்டாத மலைப் பிளவில் விளைந்த அருமையான நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த வள்ளல் அவன். ஊருக்கு அருகே அதியமான்கோட்டையில் அவன் நினைவாக ஒரு கோட்டம் இருக்கிறது.

காய்ந்த நெல்லி, கடுக்காயோடும் தான்றிக்காயோடும் மருந்துச் சரக்காக ஐரோப்பா வரை போயிற்று. ஆனால் நெல்லி என்ற பெயர் போகவில்லை. இங்கிலீஷில் அதற்கு வாய்த்தது ‘இந்தியன் கூஸ்பெரி’. கூஸ்பெரி என்பது அவர்கள் ஊரில் ஒரு முட்செடியின் பழம். நெல்லிக்கு அது தாயாதியும் அல்ல, பங்காளியும் அல்ல.

இன்று நம் வீடுகளில் குழந்தைகள் ‘மேங்கோ ட்ரீ’ என்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் கோபித்துக் கொள்ள வேண்டியதில்லை. ஊர் சுற்றி விட்டுத் திரும்பிய நம் மாங்காய்தானே அது! ஆனால் மா என்ற மரத்தை மறந்து விட்டு, மேங்கோதான் அசல் என்று அவர்கள் எண்ணி விட்டால் நஷ்டம் நமக்குத்தான். கூஸ்பெரி என்று சொன்னால் ஒரு புளிப்புக் காய் மட்டுமே மிஞ்சும். நெல்லி என்று சொன்னால் அதியமானும் ஔவையும் கூடவே வருவார்கள். பெயரோடு கதையும் போய் விடும் என்பதுதான் கவலை. மரமும் அப்படித்தான். சாலையை அகலப்படுத்தும்போது வெட்டுண்டு விழுகிற புளிய மரத்தோடு, அதைப் பெயர் சொல்லி அழைத்தவர்களின் பேச்சும் கொஞ்சம் சாய்கிறது.

அதற்காக, கொய்யாவும் சீத்தாவும் அந்நியம் என்று ஒதுக்கிவிட வேண்டுமா? அதற்கும் ஔவையாரே பதில் சொல்லி வைத்திருக்கிறார். அதியமானின் முன்னோர் வேற்றிடத்திலிருந்து கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் என்று புறநானூற்றில் அவர் புகழ்ந்திருக்கிறார். கனியைக் கொடுத்தவனையும் பாடினார். கரும்பைக் கொண்டு வந்தவர்களையும் பாடினார். கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த சீமை இது.