இரண்டு நிமிட நைட்ரஜன்

எந்த இயந்திரத்தைப் பற்றிப் படித்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, 'கரன்ட் பில் எவ்வளவு வரும்?' பி.காம். புத்தி. கொஞ்ச நாளாகத் துகள் முடுக்கிகளைப் பற்றி அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் பாத்திரம் தேய்ப்பது மாதிரிதான்.

எலெக்ட்ரான்களை ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் விரட்ட, நியோபியம் என்ற உலோகத்தில் கலசம் கலசமாகக் கோத்தாற்போல் ஒரு மீட்டர் நீளக் குழாய் செய்கிறார்கள். திரவ ஹீலியத்தில் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் மின்தடை அநேகமாகப் போய்விடும். உள்ளே விட்ட ரேடியோ அலை லேசில் அடங்காது. ஒரு கோயில் மணிக்கு இந்தக் குணம் வாய்த்தால், மார்கழியில் தட்டியது சித்திரையிலும் கேட்கும்.

'அநேகமாக' என்றேனே, பில் அங்கேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் துளித் தடையால் உள்ளே ஒரு வாட் வெப்பம் உண்டானால், அதை வெளியேற்றக் குளிர்பதன இயந்திரம் ஏறக்குறைய ஆயிரம் வாட் தின்னும்.

அந்தத் தடையைத் தீர்மானிப்பது உட்சுவரின் மேல்தோல் மட்டுமே. தலைமுடிப் பருமனில் 2,000-ல் ஒரு பங்கு! அதற்குப் படும் பாட்டைப் பாருங்கள். ஹைட்ரோஃப்ளோரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களைக் கலந்து ஊற்றி, மின்சாரம் பாய்ச்சி, சுவரைக் கரைத்து வழவழப்பாக்குகிறார்கள். (முதல் அமிலம் தோலில் பட்டால் ஊடுருவிப் போய் எலும்பின் கால்சியத்தைத் தேடும் ஆசாமி.) பிறகு, உள்ளே புகுந்த ஹைட்ரஜனைத் துரத்த 800 டிகிரி வெற்றிட அடுப்பு. அப்புறம் பரிசுத்தத் தண்ணீரை அசுர அழுத்தத்தில் பீய்ச்சிக் குளியல். ஒரு தூசு தங்கினாலும் காரியம் கெட்டது.

இவ்வளவு ஆசாரம் பார்க்கிற இடத்தில்தான் 2012-13 வாக்கில் அந்தக் கூத்து நடந்தது. சிகாகோ அருகே ஃபெர்மி ஆய்வகம். அன்னா கிராசெலினோவும் சகாக்களும், உள்ளே நியோபியம் நைட்ரைடு பூச்சு வருமா பார்க்கலாம் என்று அடுப்பில் நைட்ரஜனை விட்டார்கள். படுமோசமான ரிசல்ட். நானாக இருந்தால் குழாயை ஓரங்கட்டியிருப்பேன். அவர்கள் மேலே சில மைக்ரானைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி சோதித்தார்கள். மணி இரண்டு, மூன்று மடங்கு நேரம் ஒலித்தது! பூச்சு போய்விட்டது; உள்ளே ஊறியிருந்த சொற்ப நைட்ரஜன், அதாவது அழுக்கு, வேலை செய்தது.

இன்னொரு வினோதம். வழக்கமாக, அலையின் பலத்தைக் கூட்டக் கூட்ட விரயமும் விகிதத்துக்கு மேல் கூடும். இதில் ஓரளவு வரை நேர்மாறு. முறுக்க முறுக்க மைலேஜ் ஏறுகிற ஸ்கூட்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதை நம்பி, கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்துக்காக 280 குழாய்களுக்கு நைட்ரஜன் ஊட்டினார்கள். இரண்டு நிமிடம் நைட்ரஜன், ஆறு நிமிடம் வெறும் சூடு, பிறகு ஐந்து மைக்ரான் கரைப்பு. 2023 செப்டம்பரில் அந்த முடுக்கி முதல் எக்ஸ்-கதிரைத் தந்தது. பழைய செப்பு முடுக்கியில் விநாடிக்கு 120 துடிப்பு. இதில் பத்து லட்சம் வரை போகலாம்.

ஓசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. நைட்ரஜன் ஊட்டிய குழாய், மற்றவை தாங்கும் உச்ச பலத்தைத் தாங்காமல் முன்னதாகவே குணம் மாறிவிடுகிறது. பூமியின் காந்தப்புலம்கூட ஆகாது. கவசம் போட்டுக் காக்க வேண்டும்.

ஏன் இப்படியெல்லாம் நடக்கிறது? ஹைட்ரஜனை நைட்ரஜன் கட்டிப்போடுவதால் என்பது ஒரு கட்சி. அது மட்டும் போதாது என்பது இன்னொரு கட்சி. வழக்கு முடியவில்லை. விஞ்ஞானிகளே இதை 'ரெசிப்பி' என்கிறார்கள். ஸ்லாக்குக்காகச் செய்தது '2/6'. அடுத்த விரிவாக்கத்துக்கு அந்த ஆறு நிமிடத்தையும் எடுத்துவிட்டு, பாலிஷையும் கொஞ்சம் திருத்தி, '2/0' என்று ஆக்கியிருக்கிறார்கள். குழாய் இன்னும் கொஞ்சம் பலம் தாங்குகிறதாம்.